வருசப்பிறப்புக்கு முன்னால் அடுப்பை அணைக்கும் நாடு

கேள்வி (ஏப்ரல் 7, 2025)

13ஆம் தேதி சாயங்காலம் கொழும்பில் இறங்குகிறேன், நான்கு நாள் இருப்பேன். அன்றைக்கு இலங்கையில் ஒரு டீகூடக் கிடைக்காது, நாடு முழுக்க அடுப்பை அணைத்துவிடுவார்கள் என்று சென்னையில் ஒரு நண்பர் சொல்கிறார். கதை விடுகிறாரா? அது நம்ம சித்திரை ஒன்றுதானே. சிங்களவர்கள் பெயரை மாற்றி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதானே?

ஏப்ரல் 7, இரவு

தம்பி, உம்முடைய நண்பர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. நீர் சொன்னதில் கால்வாசி.

முதலில் வயிற்றுப்பாடு. 13ஆம் தேதி பின்னேரத்திலிருந்து கொழும்பில் பெரும்பாலான கடைகள் பூட்டுத்தான். சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்கிற பொடியன்கள் எல்லாம் ஊருக்குப் போயிருப்பார்கள், திறக்க ஆள் இருக்காது. பெரிய ஹோட்டல்களில் கிடைக்கும். முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள் சில திறந்திருக்கும். வெள்ளவத்தையில் ஒன்றிரண்டு தமிழ்க் கடைகள் 14ஆம் தேதி மத்தியானத்துக்குப் பிறகு மெல்லத் தலைகாட்டும். விமான நிலையத்திலேயே பிஸ்கட்டும் தண்ணீரும் வாங்கிக்கொள்ளும்.

அடுப்புக் கதை இதுதான். பழைய வருடம் முடிந்து புது வருடம் பிறப்பதற்கு இடையில் ஒரு நேரம் இருக்கிறது. அதற்குச் சிங்களத்தில் நொனகத என்று பெயர். நெகத் என்றால் நல்ல நேரம், நட்சத்திரம் என்ற சொல்லிலிருந்து வந்தது. நொனகத என்றால் நெகத் இல்லாத நேரம். சமைக்கக் கூடாது, வேலை செய்யக் கூடாது, காசு கொடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது, படிக்கிற பிள்ளை புத்தகத்தைத் தொடத் தேவையில்லை. கோயிலுக்குப் போகலாம், சும்மா இருக்கலாம். இந்த வருடம் அது 13ஆம் தேதி இரவு 8.57க்குத் தொடங்கி 14ஆம் தேதி காலை 9.45க்கு முடிகிறது. மொத்தம் 12 மணி 48 நிமிடம் சிங்கள வீடுகளில் அடுப்பு எரியாது.

ஏப்ரல் 8

"படித்தவர்களும் இதைச் செய்கிறார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டேன், அதற்குத் தண்டனையும் கிடைத்தது.

1999. எனக்குக் குருநாகலில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கணக்குப் பகுதியில் வேலை. யாழ்ப்பாணத்தானுக்கு வீடு கிடைப்பது அப்போது லேசான காரியம் இல்லை. ஒரு சிங்களக் குடும்பம் வீட்டின் பின்பக்கத்து அறையைத் தந்தது. அந்த வீட்டு அம்மாவை அக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மல்லி என்பார். சிங்களத்திலும் அக்கா அக்காதான். யுத்த காலம், அந்த வருசப்பிறப்புக்கு நான் ஊருக்குப் போக முடியவில்லை.

வருடம் பிறந்தது பகலில், அதனால் நொனகத காலையிலேயே விழுந்துவிட்டது. எனக்கு அதெல்லாம் விளங்கவில்லை. வழக்கம்போல ஆறு மணிக்கு எழும்பி மண்ணெண்ணெய் அடுப்பைக் கொளுத்தித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். ஐந்து நிமிடம் இருக்கும், அக்கா கதவடியில் வந்து நிற்கிறார். அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரியான ஏச்சு. "மல்லி, இந்த நேரத்தில் நெருப்பு மூட்டுவார்களா?" நான் வெட்கப்பட்டு அடுப்பை அணைத்துவிட்டேன். தேத்தண்ணி இல்லாமல் மத்தியானம் வரைக்கும் தலையிடியோடு கிடந்தேன். பிறகு நல்ல நேரத்தில் பாற்சோறு பொங்கி, முதல் தட்டை எனக்குத்தான் அனுப்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு மனதுக்குள் நினைத்தேன், என்ன மூடநம்பிக்கை இது என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன், வேலை இருக்கிறது.

ஏப்ரல் 8, பின்னேரம்

மல்லி என்றால் கொத்தமல்லியா மல்லிகைப் பூவா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சிங்களத்தில் தம்பி. இத்தோடு நிறுத்துவோம்.

ஏப்ரல் 9

12 மணி 48 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட பொறியியல்காரருக்கு. இது யாரோ சோதிடர் வாய்க்கு வந்தபடி சொன்ன கணக்கு என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சூரியன் மீன ராசியிலிருந்து மேட ராசிக்கு மாறுவதுதான் வருசப்பிறப்பு. ஆனால் சூரியன் ஒரு புள்ளி இல்லை, தட்டு. அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 32 கலை (60 கலை ஒரு பாகை). அது ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்கிறது, அதாவது மணிக்கு இரண்டரைக் கலை. 32ஐ இரண்டரையால் வகுத்தால் 12.8 மணி. 12 மணி 48 நிமிடம்! தட்டின் முன் விளிம்பு எல்லையைத் தொடும் கணத்திலிருந்து பின் விளிம்பு தாண்டும் கணம் வரை. நடுப்புள்ளி கடக்கும் நேரம்தான் வருடம் பிறக்கும் நேரம், இந்தத் தடவை அதிகாலை 3.21. முன்னால் 6 மணி 24 நிமிடம், பின்னால் 6 மணி 24 நிமிடம்.

அதாவது சூரியன் வாசற்படியில் ஒரு காலை உள்ளே வைத்து ஒரு காலை வெளியே வைத்து நிற்கிற நேரம். பழைய வருடத்துக்கும் சொந்தமில்லை, புதிய வருடத்துக்கும் சொந்தமில்லை. இரவு 12 மணிக்கு ஒரு வெடியோடு வருடம் மாறிவிடும் என்கிற ஆங்கிலக் கணக்கைவிட இது எனக்குப் பிடிக்கிறது. கணக்குப்பிள்ளையாக இருந்தவன், பழைய ஏட்டை மூடிவிட்டுப் புதிய ஏட்டைத் திறப்பதற்கு இடையில் ஒரு பெருமூச்சு விட நேரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

"பெயரை மாற்றி வைத்துக்கொண்டார்கள்" என்றீரே தம்பி, அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சூரியன் யாருக்கும் சொந்தமில்லை. இதே பெயர்ச்சியைத்தான் கேரளத்தில் விஷு என்கிறார்கள், அசாமில் பிகு, தாய்லாந்தில் சொங்க்ரான். சொங்க்ரானும் சங்கிராந்தியும் ஒரே சொல். இலங்கையில் அரச விடுமுறைப் பட்டியலில் இது சிங்கள தமிழ்ப் புத்தாண்டு. ஊர்ப் பேச்சில் சிங்களவர்கள் பலர் சிங்களப் புத்தாண்டு என்று சுருக்கிவிடுவது உண்மை. அதைக் கேட்டு நான் கோபப்பட்ட வருடங்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அதே நேரம் நாங்கள் "எங்கட வருசப்பிறப்பு" என்றோம், அவர்களை நினைக்கவும் இல்லை.

ஏப்ரல் 10, காலை

பிழை விட்டுவிட்டேன். கண்டியிலிருந்து ஒருவர் நல்ல பிடியாகப் பிடித்திருக்கிறார். 12 மணி 48 நிமிடமும் அடுப்பு எரியாது என்று 7ஆம் தேதி எழுதினேன், தப்பு. இந்த வருடம் அடுப்பு மூட்டும் நேரம் அதிகாலை 4.04, கொடுக்கல் வாங்கலும் முதல் உணவும் 6.44. இரண்டுமே 9.45க்கு முன்னால் வருகின்றன. ஆக, முன் பாதிதான் சும்மா இருக்கும் நேரம். பின் பாதியில்தான் அடுப்பு, சாப்பாடு, காசு எல்லாமே. முழு நேரத்துக்கும் புண்ணிய காலம் என்று பெயர், வீட்டுப் பேச்சில் நொனகத என்றும் சொல்வார்கள். 26 வருடம் இந்த மனிதர்களோடு பழகியும் இதை நான் கவனிக்கவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

தம்பி, உமக்கு இதனால் லாபம். 14ஆம் தேதி காலை பசியோடு எழும்பினால் எந்த வீட்டிலும் பாற்சோறு இருக்கும்.

இந்த நேரங்களை யார் முடிவு செய்வது என்று கேட்டவருக்கு: கலாசார அலுவல்கள் பகுதியின் கீழ் சோதிடர் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் கூடிக் கணித்து, ஒரு தாளில் எழுதி, வெற்றிலையோடு ஜனாதிபதியிடம் கொடுப்பார்கள், அது பேப்பரில் படமாக வரும். அதற்குப் பெயர் நெகத் சீட்டுவ. ஆம், நம்முடைய சீட்டுதான். அடுப்பு மூட்ட, சாப்பிட, தலைக்கு எண்ணெய் வைக்க, வேலைக்குப் புறப்பட, எல்லாவற்றுக்கும் தனித்தனி நேரம், எந்தத் திசை பார்ப்பது, என்ன நிற உடுப்பு என்பது உட்பட. இலட்சக்கணக்கான சனம் ஒரே நிமிடத்தில் நெருப்புக் குச்சியைக் கிழிப்பதை யோசித்துப் பாருங்கள். அந்த நிமிடத்தில் வெடிச் சத்தம் ஊர் ஊராக ஓடிவரும். இருட்டில் படுத்துக் கேட்டால் மழை வருவது போல இருக்கும்.

ஏப்ரல் 10, இரவு

எங்கள் பக்கத்தைச் சொல்லவில்லையே என்று யாழ்ப்பாணத்தார் கோபிக்கிறார்கள். சரி.

எங்களுக்கும் புண்ணிய காலம் உண்டு, விஷு புண்ணிய காலம். அது 8 மணி நேரம், பிறப்புக்கு முன் 4, பின் 4. சிங்களவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும் நேரத்தில் நாங்கள் தலையில் மருத்துநீர் ஊற்றிக்கொள்கிறோம். அவர்கள் பழைய வருடத்துக்கான குளிப்பை அதற்கு முன்பே முடித்துவிடுவார்கள். மருத்துநீர் கோயிலில் ஐயர் காய்ச்சுவது. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், கோசலம், கோமயம், கோரோசனை, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு என்று பட்டியல் போகும். போத்தலோடு வரிசையில் நின்று வாங்கி வருவது சின்னப் பிள்ளைகளின் வேலை. தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை வைத்து, வீட்டுக்கு மூத்தவர் தேய்த்துவிட வேண்டும். எந்த இலை என்பது பஞ்சாங்கத்தில் இருக்கும். அந்த வாசனை பிடிக்காது என்று சின்ன வயதில் அழுதிருக்கிறேன். இப்போது ஏப்ரல் வந்தால் மூக்கு அதைத் தேடுகிறது.

எந்தப் பஞ்சாங்கம் என்பதுதான் பெரிய வழக்கு. வாக்கியமா, திருக்கணிதமா? வாக்கியம் பழைய சூத்திரக் கணக்கு. கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் சுவரில் தொங்காத வீட்டை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. திருக்கணிதம் வானத்தில் கோள் உண்மையில் நிற்கும் இடத்துக்குத் திருத்திய கணக்கு. இந்த விசுவாவசு வருடம் வாக்கியப்படி 14ஆம் தேதி அதிகாலை 2.29க்கும், திருக்கணிதப்படி 3.21க்கும் பிறக்கிறது. 3.21ஐ மேலே எங்கோ பார்த்தோமே என்று தோன்றுகிறதா? சிங்கள நேரமும் அதுதான்! தமிழருக்கும் தமிழருக்கும் இடையில் 52 நிமிடம், தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையில் ஒரு நிமிடமும் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் அரசியல் பேசப் போவதில்லை, ஆனால் சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா வாக்கியம், மனைவியின் பக்கம் திருக்கணிதம். கல்யாணமான முதல் வருடம் இரண்டு தடவை குளித்தேன்.

ஏப்ரல் 11

பலகாரம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதப் போகிறேன். சிங்கள மேசையில் நடுவில் பாற்சோறு, சுற்றிவரக் கொண்டைப் பணியாரம், கொக்கிஸ், அதிரசம், அலுவா, வாழைப்பழம். கொண்டைப் பணியாரத்துக்குச் சிங்களத்தில் கொண்ட கெவும். எண்ணெயில் வேகும்போது ஈர்க்குக் குச்சியால் நடுவில் சுழற்றிச் சுழற்றி உச்சியில் ஒரு குடுமி எழுப்புவார்கள். கொண்டை எங்கள் கொண்டையேதான். அதிரசமும் அதிரசம்தான். கொக்கிஸ் மட்டும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) விட்டுப்போனது, அவர்களுடைய பிஸ்கட்டுப் பெயர் தேய்ந்து வந்த சொல். நாங்கள் அச்சுப் பலகாரம் என்போம், நீங்கள் அச்சு முறுக்கு என்பீர்கள். ஒல்லாந்தனும் சிங்களவனும் தமிழனும் ஒரே எண்ணெய்ச் சட்டியில் கிடக்கிறோம்.

அக்கா கொண்டைப் பணியாரம் சுடும்போது யாரும் குசினிக்குள் போகக் கூடாது. கண் பட்டால் கொண்டை எழும்பாதாம். நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன், அந்தத் தடவை இரண்டு சரிந்துவிட்டன. அடுப்பு அதிகம் எரிந்ததால் என்று நான் சொல்கிறேன். அவர் இன்றைக்கும் என் கண் என்கிறார்.

ஏப்ரல் 12

இன்று போயா (பௌத்தர்களின் பௌர்ணமி நாள்) விடுமுறை, நாளை குருத்தோலை ஞாயிறு, நாளை மறுநாள் வருசப்பிறப்பு. இந்த நாட்டில் மூன்று நாள் அடுத்தடுத்து மூன்று சமயத்துக்கும் வந்திருக்கிறது. நோன்பு போன மாதக் கடைசியில்தான் முடிந்தது.

காலையில் புறக்கோட்டைப் பக்கம் போனேன், போயிருக்கக் கூடாது. பஸ் நிலையத்தில் தலைக்கு மேல் தலை. ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஒரு கையில் பயணப் பை, மறு கையில் அம்மாவுக்கு வாங்கிய சேலைப் பெட்டி. புத்தளம், அனுராதபுரம், மொனராகலை என்று நடத்துனர்கள் கத்துகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பிள்ளையிடம் வழக்கமான கட்டணத்தைவிட அதிகம் கேட்டார்கள். அவள் பேசாமல் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, இன்றைக்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

நாளை பின்னேரம் கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதி வெறிச்சோடிவிடும். நடு வீதியில் படுத்தாலும் குயில் கூவுவதுதான் கேட்கும். சும்மா சொல்லவில்லை. இந்த மாதத்துக் குயிலும் முள்முருக்குப் பூவும்தான் சிங்களவருக்கு வருசப்பிறப்பின் அடையாளம், வாழ்த்து அட்டையில் இரண்டும் இல்லாமல் இருக்காது.

ஏப்ரல் 12, இரவு

விளையாட்டைப் பற்றி மட்டக்களப்புக்காரர் எழுதியது சரி. யானைக்குக் கண் வைத்தல், முட்டி உடைத்தல், வழுக்குமரம், கயிறிழுத்தல், தலையணைச் சண்டை எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான், மைக்கில் கத்துகிறவரின் மொழி மட்டும் வேறு. ஆனால் போர்த்தேங்காய் என்றால் எனக்கு யாழ்ப்பாணம்தான்.

தெரியாதவர்களுக்கு: ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் வைப்பார், மற்றவர் தன் தேங்காயால் அதன் மேல் ஓங்கி அடிப்பார். உடைகிற காய் தோற்ற காய். அதனால் சிரட்டை தடித்த காயைத் தேடி மாதக் கணக்கில் அலைவார்கள். அப்பா காதடியில் வைத்து நகத்தால் தட்டிப் பார்ப்பார், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. ஒரு வருடம் அவருடைய ஒரே காய் ஒன்பது காயை உடைத்தது. பத்தாவதை உடைத்தது பக்கத்து வீட்டுப் பொடியன் கொண்டுவந்த அழுக்குப் பிடித்த சின்னக் காய். தோற்ற காய்கள் எல்லாம் குசினிக்கு வரும், ஒரு வாரம் சம்பலும் சொதியும்தான். இந்த வருடம் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. போருக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்?

ஏப்ரல் 13, இரவு 9.10

8.57 ஆகிவிட்டது. மேல் மாடிச் சிங்களக் குடும்பத்தின் குசினி விளக்கு அணைந்திருக்கிறது. நாங்கள் மருத்துநீர்ப் போத்தலைக் குளியலறையில் வைத்துவிட்டு 2.29க்கா 3.21க்கா என்று இன்னும் சண்டை பிடிக்கிறோம். தம்பி இறங்கிவிட்டாரா?

ஏப்ரல் 14, காலை

இரண்டு நேரத்துக்கும் பொதுவாக ஓர் இடைவெளியில் குளித்து, 4.04க்கு வெடிச் சத்தம் கேட்டதும் பொங்கல் பானையை வைத்தோம். மனைவி இதைச் சமாதான ஒப்பந்தம் என்கிறாள். 6.44க்கு மேல் மாடியிலிருந்து ஒரு தட்டு பாற்சோறும் கொக்கிசும் இறங்கி வந்தன, எங்கள் பக்கமிருந்து பொங்கலும் பயத்தம் உருண்டையும் ஏறிப் போயின. பேரனுக்கு வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷம் கொடுத்தேன். நூறு ரூபாய்ப் புதுத் தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாத்தா, இதற்கு ஐஸ்கிரீமும் வராதே என்றான்.

ஏப்ரல் 14, பின்னேரம்

2022ஐப் பற்றி ஒருவர் கேட்கிறார். அந்த வருடம் நொனகதவைக் கடைப்பிடிக்க யாரும் சிரமப்படவில்லை, அணைப்பதற்கு அடுப்பில் காஸ் இருந்தால்தானே. மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டும் பார்த்தோம். பால்மா இல்லை. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. கொடுக்கல் வாங்கலுக்கு நல்ல நேரம் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால்! காலிமுகத்திடலில் ஏப்ரல் 9ஆம் தேதியிலிருந்து பொடியன்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். வருசப்பிறப்பன்று அங்கேயே பாற்சோறு பொங்கினார்கள். நான் போனேன். முழங்காலுக்கு முடியாமல் ஓரமாக நின்றேன். முன்பின் தெரியாத ஒரு பிள்ளை வாழையிலைத் துண்டில் ஒரு கட்டி வைத்துத் தந்துவிட்டுப் போனது. தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல் இல்லை, சீனியும் இல்லை, உப்புக்கூடச் சரியாக இல்லை. அதைப்போல ஒரு பாற்சோறு பிறகு சாப்பிடவில்லை.

2020இல் ஊரடங்கு, வீட்டுக்குள்ளேயே முடிந்தது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 16

தம்பி வந்து எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? 13ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு நீர்கொழும்பில் பாதி சாத்திய ஒரு பெட்டிக்கடையில் தண்ணீர்ப் போத்தல் கேட்டாராம். கடைக்காரர் போத்தலை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்க மறுத்துவிட்டாராம். இவர் நீட்ட, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள, ஐந்து நிமிடம் நாடகம். இப்போது காசு கைமாறாது, தண்ணீர் இல்லை என்று சொல்லவும் மனம் வராது. தம்பி, நான் ஆயிரம் சொல்லில் எழுதியதை அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டார். சரி, மறுநாள் போய்க் கொடுத்தீரா இல்லையா? அதை மட்டும் எழுதவில்லையே.

தேதி எப்போதும் 14தானா என்ற கேள்விக்கு: ராபர்ட் நொக்ஸ் என்றோர் ஆங்கில மாலுமி 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் சிறை இருந்து, 1679இல் தப்பிப் போனவர். சிங்களவரின் வருடம் மார்ச் 28இல் தொடங்கும், சிலவேளை 27, மிக அரிதாக 29 என்று எழுதி வைத்திருக்கிறார். மார்ச்சா என்று பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டி, 10 நாள் கூட்டினால் ஏப்ரல் 7. அதிலிருந்து இன்றைய 14 வரையான விலகலில் பெரும்பகுதிக்குக் காரணம், நட்சத்திரத்தை வைத்து எண்ணும் எங்கள் வருடம் ஆங்கில வருடத்தைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளம் என்பது. 72 வருடத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். இப்படியே போனால் இன்னும் 13,000 வருடத்தில் வருசப்பிறப்பு ஐப்பசி மழைக்குள் வரும். போர்த்தேங்காயைச் சேற்றில்தான் அடிக்க வேண்டும்.

ஏப்ரல் 17

கொடுக்கவில்லையாம். மறந்துவிட்டாராம், விமானமும் ஏறிவிட்டாராம். நீர்கொழும்புப் பக்கம் இருக்கிற யாராவது அந்தக் கடைக்காரரிடம் நூறு ரூபாய் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு நான் தருகிறேன். வருசத் தொடக்கத்திலேயே ஒரு மனிதரின் கணக்கில் கடன் எழுதிவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மே 4

இந்த இழை அடங்கிவிட்டது என்று நினைத்தேன், ஆனால் ஒரு திருத்தம் இருக்கிறது. 8ஆம் தேதி எழுதிய 1999 கதை.

நேற்று குருநாகல் அக்காவுக்குப் போன் எடுத்தேன். வருசப்பிறப்பன்று எடுக்க வேண்டியது, லைன் கிடைக்கவில்லை, பிறகு நானும் விட்டுவிட்டேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் என்னைவிடக் கூர்மை. நொனகதவில் அடுப்பு மூட்டியதற்கு நீங்கள் என்னை ஏசியதைப் பற்றி நாலு பேருக்கு எழுதியிருக்கிறேன் என்றேன். எப்போது ஏசினேன் என்றார். நான் கதையைச் சொன்னேன். அவர் ஏசவே இல்லையாம். "நெருப்பு மூட்டுவார்களா" என்று கேட்டது உண்மையாம். ஆனால் நான் அடுப்பை அணைக்கவில்லையாம். தண்ணீர் கொதித்துவிட்டதாம், நான் பேயறைந்தவன் மாதிரி நின்றேனாம். கொதித்த தண்ணீரை வீணாக்குவதும் பாவம்தானே என்று அவரே தேயிலை போட்டு, என் ஒரே கோப்பையில் நான் பாதியும் அவர் பாதியுமாகக் குடித்தோமாம். அவருக்கும் விடியற்காலையிலிருந்து தலையிடியாம்.

26 வருடமாக நான் தேத்தண்ணி குடிக்காமல் கிடந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்தத் தலையிடி யாருடையது என்றே இப்போது குழப்பமாக இருக்கிறது.

அண்ணன், அதாவது அக்காவின் கணவர், என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் பன்சலையில் (பௌத்த விகாரையில்) சில் எடுத்துக்கொண்டு, அதாவது விரதம் இருந்துகொண்டு, உட்கார்ந்திருந்தாராம் அன்றைக்கு. உன்னிடம் இருப்பது பெரிய குரல், மெதுவாகக் கதை மல்லி, அவர் இங்கே பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறார் என்றார்.